ஆறின பிறகு மூடு

மகள் மழலையர் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுடைய தொடர்பேட்டில் சாம்பார் கொட்டிவிட்டது. ஆசிரியையும் பெற்றோரும் மாறி மாறி எழுதிக்கொள்ளும் சின்ன நோட்டு அது. மாலையில் திறந்து பார்த்தால் பாதிப் பக்கத்துக்கு மஞ்சள் கறை. கறை படாத மீதிப் பாதியில் ஆசிரியை குண்டு குண்டாக எழுதியிருந்தார்: "இன்று பென்டோவை மிக ஆவலாகத் திறந்தாள். சோறு கொஞ்சம் அங்குமிங்கும் ஓடிவிட்டதால் சாப்பிட்டு முடிக்க நேரமாயிற்று."

பென்டோ என்றால் இங்கே டப்பாவில் கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு. சோறு ஓடிவிட்டதாம். ஜப்பானில் குறை சொல்வதற்கு இப்படி ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பொலபொலவென்று வடித்த பொன்னி அரிசிச் சோற்றை நான்கு வயதுப் பிள்ளை குட்டி முள்கரண்டியால் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறாள். அது மேசை முழுக்கச் சிதறியிருக்கிறது. அதற்கு முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் சாம்பார் தன் வேலையை முடித்துவிட்டது.

இதெல்லாம் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. நாங்கள் இருப்பது கவாசாகியில். மனைவி காலை ஆறரைக்கெல்லாம் ரயிலில் இருக்க வேண்டும் என்பதால் சாப்பாடு கட்டும் வேலை எனக்கு வந்தது. எனக்குத் தெரிந்த டிபன் பாக்ஸ் கோவில்பட்டியில் நான் பள்ளிக்குக் கொண்டுபோன எவர்சில்வர் டப்பா ஒன்றுதான். அது ஒயர் கூடையில் நிமிர்ந்து உட்கார்ந்து போகும். தயிர்சாதம், ஓரத்தில் ஊறுகாய், முடிந்தது. ஊறுகாய் தயிரில் கலந்து எல்லாம் இளஞ்சிவப்பாகியிருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. அதே பழக்கத்தில் இங்கேயும் கட்டினேன்.

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஒன்று சொன்னார். முதல் சில வாரங்களுக்குப் பிள்ளை நிச்சயம் சாப்பிட்டு முடிக்கக்கூடிய அளவு மட்டும் வையுங்கள், பிடித்ததை மட்டும் வையுங்கள், 'நானே முழுசா முடிச்சேன்' என்கிற சந்தோஷத்தோடு அவர்கள் மூடியை மூட வேண்டும் என்றார். எனக்கு இது புதிது. பிள்ளைக்குப் பசிக்குமே என்று ஒரு கரண்டி கூடுதலாக வைத்து அமுக்குவதுதானே நம் வழக்கம். மிச்சம் வந்தால் திட்டிக்கொள்ளலாம்.

எனக்குப் பாடம் எடுத்தவர் மேல்மாடி வீட்டுப் பாட்டி. எழுபதைத் தாண்டியவர். இங்கே பிள்ளையின் பெயரைச் சொல்லி 'இன்னாருடைய அப்பா' என்றுதான் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலை ஆறு மணிக்கு டப்பாவோடு வா" என்றார். போனேன். சமைத்துக் காட்டுவார் என்று நினைத்தால் அவர் சமைக்கவே இல்லை. சூடான சோற்றை டப்பாவில் பாதிக்குப் பரப்பிவிட்டு, ஒரு விசிறியை என் கையில் கொடுத்து வீசச் சொன்னார்.

முதல் பாடம் அதுதான். ஆறின பிறகு மூடு. சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீராகப் படியும், அந்த நீர் சோற்றில் சொட்டும், மதியத்துக்குள் கெட்டுப்போகும். இதற்கு நோபல் பரிசு பெற்ற அறிவு ஒன்றும் தேவையில்லைதான். ஆனால் அவசரத்தில் எல்லாரும் செய்கிற தப்பு இது ஒன்றே. காய்கறியில் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு வை. குட்டித் தக்காளியின் காம்பைக் கிள்ளிவிடு, கிருமி அங்கேதான் ஒட்டியிருக்கும். சின்னப் பிள்ளைக்கு அதையே முழுதாக வைக்காதே, தொண்டையில் சிக்கும், நாலாக வெட்டு. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்து அடுக்குவது. முதலில் சோறு, அதன் அருகே மீனோ கோழியோ பெரிய துண்டாக ஒன்று, பிறகு தாமகோயாகி. முட்டையை மெல்லிய அடுக்காக ஊற்றி ஊற்றிச் சுருட்டி, பாய்ச்சுருள் போல எடுத்து வெட்டுவது. அதற்குப் பிறகு சின்னச் சின்னது. எல்லாம் வைத்த பின்பும் இங்கொரு விரல் அளவு, அங்கொரு நகம் அளவு இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளிக்கு 'சுகிமா' என்று பெயர். அதை அடைப்பதற்கென்றே தனியாகச் சில பண்டங்கள் தயாராக இருக்கும். ஒரு பூ ப்ரோக்கோலி, இரண்டு பச்சை சோயா பீன்ஸ், ஒரு துண்டு தக்காளி. பாட்டி மூடியைப் போட்டு, டப்பாவைத் துணியில் முடிந்து, செங்குத்தாக நிறுத்தி இரண்டு குலுக்குக் குலுக்கினார். திறந்து காட்டினார். எதுவும் நகரவில்லை. என் சாம்பாரை நினைத்துக்கொண்டேன்.

பென்டோ என்றாலே இணையத்தில் வருகிற படங்கள் நமக்குத் தெரியும். கரடி முகம் வைத்த சோறு, ஆக்டோபஸ் போலக் கால் விரித்த சாஸேஜ், முயல் காது வைத்த ஆப்பிள். அழகுதான் அதன் கவர்ச்சி என்று நானும் நினைத்திருந்தேன். பாட்டியின் சமையலறையில் அந்த எண்ணம் போய்விட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு என்று ஐந்து நிறம் பார்ப்பார்கள், உண்மை. ஆனால் டப்பாவுக்குள் நடக்கிற எல்லா வேலைக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்விதான்: ஐந்து மணி நேரம் கழித்து, நான் பக்கத்தில் இல்லாதபோது, இது எப்படி இருக்கும்? சமைப்பவர் இல்லாத இடத்தில் திறக்கப்படுகிற சாப்பாடு அது. 'இன்னும் கொஞ்சம் ரசம் விடவா' என்று கேட்க ஆள் இருக்காது. கேட்க வேண்டியதையெல்லாம் காலையிலேயே கேட்டு, பதிலையும் உள்ளே வைத்து அனுப்பிவிட வேண்டும்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. போனில் விஷயத்தைச் சொன்னதும், "என்னல, பச்சப்பிள்ளைக்கு ஆறிப்போன சோத்தையா குடுத்து விடுத?" என்றாள். நம் ஊரில் அன்பு என்பது ஆவி பறக்க வேண்டும். ஆறினது என்றால் அக்கறையில்லாதது. இரவு நீர் ஊற்றி வைத்த பழைய சோற்றைக் காலையில் தானும் சாப்பிட்டு எனக்கும் கொடுத்தவள்தான். அதை நினைவூட்டினால், "அது வேற" என்றாள். வேறுதான்.

அம்மா சொன்னதில் அரிசி சம்பந்தமாக ஒரு நியாயம் இருக்கிறது. நம் அரிசியில் அமைலோஸ் என்கிற மாவுச்சத்து அதிகம். அதனால்தான் பொலபொலவென்று வருகிறது, அதனாலேயே ஆறினால் விறைக்கிறது. ஜப்பானியக் குட்டை அரிசியில் அது குறைவு. ஆறிய பிறகும் ஒட்டிக்கொண்டு மெத்தென்று இருக்கும், மெல்ல மெல்ல லேசாக இனிக்கும். இங்கே அரிசி மூட்டை விளம்பரத்திலேயே 'ஆறினாலும் சுவை' என்று போடுவார்கள். நாம் ஆறிய சோற்றைச் சரிக்கட்ட நல்லெண்ணெயும் புளியும் தயிரும் கண்டுபிடித்தோம். அவர்களுக்கு அரிசியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அடுத்த வாரமே பொன்னியை வீட்டுக்கும் குட்டை அரிசியைப் பென்டோவுக்கும் என்று பிரித்துக்கொண்டேன்.

பழைய காலத்தில் இவர்கள் சோற்றை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, துணிப்பையில் முடிந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். அப்படியே மெல்லலாம், தண்ணீரில் ஊறவைத்தும் தின்னலாம். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'இசே மொனொகதாரி' என்ற கதைத் தொகுப்பில் இதைப் பற்றி ஓர் இடம் வருகிறது. கியோட்டோவை விட்டுக் கிழக்கே போகிற சிலர், யாட்சுஹாஷி என்ற இடத்தில் நீரோடை ஓரம் உட்கார்ந்து இந்தக் காய்ந்த சோற்றை எடுக்கிறார்கள். ஓடையில் பூத்திருக்கிற நீலப் பூக்களைப் பார்த்து ஒருவன் ஊரில் விட்டுவந்த மனைவியை நினைத்துக் கவிதை சொல்ல, எல்லாரும் அழுகிறார்கள். கண்ணீர் விழுந்து விழுந்து சோறு ஊறிவிட்டதாம். எழுதியவருக்குக் குறும்பு அதிகம். ஆனால் கட்டுச்சோற்றைப் பிரிக்கும்போது வீட்டு ஞாபகம் வருவது அன்றே இருந்திருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையான எடோ காலத்தில் அது பொழுதுபோக்கோடு சேர்ந்துகொண்டது. கபுகி நாடகம் காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நடக்கும். ஒரு காட்சி முடிந்து திரை விழுந்து அடுத்தது எழும்வரை உள்ள நேரத்தில் சாப்பிடுவதற்கென்று வந்ததுதான் 'மாகுநோஉச்சி'. சின்ன உருளைகளாகப் பிடித்த சோற்றின் மேல் கறுப்பு எள், பக்கத்தில் சுட்ட மீன், மீன் கேக், முட்டைச் சுருள். இன்றைக்கும் எந்தக் கடையில் பென்டோ வாங்கப் போனாலும் இந்தப் பெயரில் ஒன்று இருக்கும். எதை வாங்குவது என்று குழம்புகிறவர்கள் எடுப்பது. நான் பெரும்பாலும் அதைத்தான் எடுக்கிறேன்.

உமேபோஷியைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. உமே என்கிற காயை உப்பிலிட்டு, வெயிலில் காயவைத்துச் சுருங்க வைத்தது. நம் நார்த்தங்காய் ஊறுகாய்க்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியொரு உப்பு, அப்படியொரு புளிப்பு. ஒன்றே ஒன்றைச் சோற்றின் நடுவே பதித்து வைப்பார்கள். சோறு கெடாமல் இருக்கும் என்பது நம்பிக்கை. அது தன்னைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் காவல் காக்கும், டப்பா முழுக்க அல்ல. வெள்ளைச் சோற்றின் நடுவே ஒற்றைச் சிவப்பு என்பதால் 'ஹினோமாரு பென்டோ', ஜப்பான் தேசியக் கொடிச் சாப்பாடு. 1939 செப்டம்பரிலிருந்து மாதத்தின் முதல் நாளில் வீரர்களை நினைத்து இதை மட்டுமே சாப்பிடச் சொல்லி மக்களை ஊக்கப்படுத்தினார்கள். மற்ற எல்லாப் பண்டங்களையும் போர் எடுத்துக்கொண்டிருந்த நேரம் என்பதால், இல்லாமைக்குத் தேசபக்தி என்று பெயர் வைப்பது வசதியாக இருந்திருக்கும். அந்தக் காலத்து அலுமினிய டப்பாக்களில் உமேபோஷியின் புளிப்பு மூடியை அரித்து நடுவில் ஓட்டை போட்டுவிடுமாம். பாட்டி சிரித்துக்கொண்டே சொன்ன கதை.

சிரிக்க முடியாத டப்பா ஒன்று ஹிரோஷிமாவில் இருக்கிறது. மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கையில் அங்கே போயிருந்தோம். அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள், நசுங்கிய சின்ன டப்பா, உள்ளே கரியாகிப்போன சோறு. ஓரிமென் ஷிகெரு என்ற 13 வயதுப் பையனுடையது. 1945 ஆகஸ்ட் 6 அன்று கட்டடங்களை இடிக்கும் வேலைக்கு அவனுடைய பள்ளி மாணவர்களை அனுப்பியிருந்தார்கள். மூன்று நாள் தேடி அலைந்த தாய் அவன் உடலைக் கண்டபோது அதற்கு அடியில் இந்த டப்பா இருந்தது. திறக்கப்படவே இல்லை. அவள் காலையில் கட்டிக் கொடுத்தது. பார்லியும் சோயாவும் கலந்த சோறு.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அவங்க அம்மாவுக்கு அது அவன்தான்னு எப்படித் தெரிஞ்சுது?" டப்பாவை வைத்துத்தான் என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. அன்று நாங்கள் கொண்டுபோயிருந்த சாப்பாட்டை மாலை வரை பிரிக்கவில்லை.

டப்பா என்பது வீட்டு நிலவரத்தைப் பத்துப் பேர் முன்னால் திறந்து காட்டுகிற பொருளும்கூட. இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. 1889-இல் யாமாகாதா மாகாணத்தின் ட்சுருஓகாவில் ஒரு புத்த கோயிலுக்குள் நடந்த பள்ளியில், பென்டோ கொண்டுவர முடியாத ஏழைப் பிள்ளைகளுக்கு ஓனிகிரி என்கிற சோற்றுருண்டையும் உப்பு சால்மனும் ஊறுகாயும் கொடுத்திருக்கிறார்கள். ஜப்பானில் பள்ளி மதிய உணவு அங்கிருந்துதான் தொடங்கியதாகச் சொல்வார்கள். பளபளக்கும் அலுமினிய டப்பா வந்தபோது அதைக் கொண்டுவருகிறவன், கொண்டுவராதவன் என்று வகுப்பு இரண்டானது. போருக்குப் பிறகு 1954-இல் பள்ளி மதிய உணவுக்கென்றே சட்டம் வந்தது. எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒரே குழம்பு. மதிய உணவுத் திட்டம் இருந்த பள்ளியில் படித்த எனக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மகளுக்கும் ஆரம்பப் பள்ளி ஆறு வருடமும் பள்ளிச் சாப்பாடுதான். உல்லாசப் பயணம் போகும் நாளில் மட்டும் டப்பா வெளியே வரும்.

அந்த மழலையர் பள்ளிக் காலத்துக்கு ஒருமுறை திரும்பிப் போகிறேன். மற்ற டப்பாக்களைப் பார்த்துவிட்டு நானும் ஒருநாள் பாண்டா செய்யலாம் என்று இறங்கினேன். நூறு யென் கடையில் கடற்பாசித் தாளைக் கண், வாய் வடிவில் வெட்டித் தரும் அச்சு கிடைக்கும். ஐந்தரைக்கு எழுந்து நாற்பது நிமிடம் போராடியும், பாண்டா துக்கம் விசாரிக்க வந்தது போல ஒரு முகத்தோடு உட்கார்ந்திருந்தது. மகள் அதன் நெற்றியிலிருந்து சாப்பிட ஆரம்பித்ததாக ஆசிரியை எழுதியிருந்தார்.

ஆனால் வாசலில் மற்ற அம்மாக்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு அருமையான அப்பா, எவ்வளவு பொறுமை. நானும் பூரித்துப்போய் வீட்டில் வந்து சொன்னேன். "நான் செஞ்சிருந்தா ஒருத்தராவது இதைச் சொல்லியிருப்பாங்களாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு மனைவி துணி மடிக்கப் போனாள். சொல்லியிருக்க மாட்டார்கள். பாண்டா கோணலாக இருப்பதைத்தான் கவனித்திருப்பார்கள். ஆன் அலிசன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1991-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தன் மகனை ஜப்பானிய மழலையர் பள்ளியில் சேர்த்துவிட்டுப் பென்டோ கட்டியவர் அவர். பிள்ளை சாப்பிட்டு முடிப்பதும் தாய் அழகாகக் கட்டுவதும் இரண்டு பேருக்கும் வைக்கிற பரீட்சை, தாய் எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்த டப்பா வழியாக அரசும் பள்ளியும் சொல்லித் தருகின்றன என்பது அவர் வாதம். முழுக்க ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, ஆனால் மறுக்கவும் முடியவில்லை. பொம்மை முகப் பென்டோ வேண்டாம் என்று சில பள்ளிகளே பிற்பாடு சொல்ல ஆரம்பித்தன. இதில் எனக்குப் பிடித்த காரியம் 2001-இல் காகாவா மாகாணத்தின் தாக்கினோமியா ஆரம்பப் பள்ளியில் நடந்தது. அதன் தலைமையாசிரியர் தாகெஷிதா காசுஓ 'பென்டோ நாள்' என்று ஒன்று ஆரம்பித்தார். ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன கட்டுவது என்று தீர்மானிப்பதிலிருந்து, கடைக்குப் போய், சமைத்து, அடுக்கி, கழுவி வைப்பதுவரை தாங்களே செய்ய வேண்டும். பெற்றோர் கை வைக்கக்கூடாது. அந்த வழக்கம் மற்ற ஊர்ப் பள்ளிகளுக்கும் பரவியது.

ரயிலில் சாப்பிடுகிற பென்டோவுக்குத் தனிப் பெயர், எக்கிபென். 'எக்கி' என்றால் ஸ்டேஷன். 1885-இல் உட்சுனோமியா ஸ்டேஷனில் இரண்டு ஓனிகிரியும் கொஞ்சம் முள்ளங்கி ஊறுகாயும் மூங்கில் பட்டையில் சுற்றி ஐந்து சென்னுக்கு (நூறு சென் ஒரு யென்) விற்றதுதான் முதல் என்பார்கள். நாங்கள்தான் முதல் என்று வேறு ஊர்களும் மல்லுக்கட்டும். எனக்கு அதைவிட யோகோகாவா ஸ்டேஷனின் கதை பிடிக்கும். அங்கிருந்து கருயிசாவாவுக்கு ஏறுகிற மலைப்பாதை ஆயிரம் மீட்டருக்கு 66.7 மீட்டர் ஏற்றம். சாதாரண ரயிலால் ஏற முடியாது. பின்னால் கூடுதல் எஞ்சின் மாட்ட எல்லா வண்டியும் அங்கே நிற்கும். நிற்கிற வண்டியில் பசியோடு ஆட்கள் இருப்பார்கள். ஒகினோயா என்ற கடை 1958-இல் அவர்களுக்காக ஒரு சின்ன மண்பானையில் சூடான சோறு விற்க ஆரம்பித்தது. கோழி, காளான், மூங்கில் குருத்து, காடை முட்டை, ஒரு கஷ்கொட்டை, ஒரு ஆப்ரிகாட் பழம். ஆறிய சாப்பாட்டு உலகத்தில் இது ஒன்று சூடு. 1997-இல் நாகானோவுக்குப் புல்லட் ரயில் வந்ததும் அந்த மலைப்பாதையை மூடிவிட்டார்கள். எஞ்சின் மாட்டுகிற வேலை போனது, பானை போகவில்லை. நாங்கள் கார் எடுத்துக்கொண்டு போய் மூன்று வாங்கினோம். பானையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பலர் அதில் வீட்டில் சோறு ஆக்குகிறார்கள். நாங்கள் தயிர் உறை ஊற்றுகிறோம், ஒன்று உடைந்து மிச்சம் இரண்டு.

ஹொக்கைடோவின் மோரி ஸ்டேஷன் எக்கிபென், கணவாய் மீனுக்குள் அரிசியை அடைத்து வேகவைத்தது. 1941-இல் அரிசி கிடைக்காமல் கணவாய் மட்டும் ஏராளமாகக் கிடைத்தபோது, கொஞ்ச அரிசியை வைத்து வயிறு நிரப்பக் கண்ட வழி. பஞ்சத்தில் பிறந்த பண்டத்துக்கு இன்று வரிசையில் நிற்கிறார்கள்.

டப்பாவைப் பற்றி ஒரு பாவ அறிக்கை. அகிதா மாகாணத்தின் ஓதாத்தே ஊரில் தேவதாரு போன்ற சுகி மரத்தை மெல்லிய பலகையாக்கி, வெந்நீரில் வளைத்து, காட்டுச் செர்ரி மரப்பட்டையால் தைத்துச் செய்கிற 'மகேவாப்பா' டப்பாக்கள் பிரசித்தம். பூச்சு எதுவும் இல்லாத வெறும் மரம் சோற்றின் அதிக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திறந்தால் லேசாக மர வாசனை வரும். விலையைக் கேட்டு மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அதையும் மீறி வாங்கினேன். அதில் சும்மா வெள்ளைச் சோறு வைத்தபோது ஆறிய சோற்றுக்கு இப்படி ஒரு ருசியா என்றிருந்தது. மூன்றாவது நாள் புத்தி கெட்டு எலுமிச்சை சாதம் வைத்தேன். மஞ்சள் ஏறிவிட்டது. எலுமிச்சை, உப்பு, வெந்நீர், வெயில், எதற்கும் அசையவில்லை. கைவினைஞர் தலைமுறை தலைமுறையாக வளைத்த மரத்தை ஒரே மதியத்தில் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியவன் நான். இப்போது அது என் டப்பா. வேறு யாரும் தொடுவதில்லை.

சோயா சாஸ் ஊற்றிக் கொடுக்கிற அந்தக் குட்டிப் பிளாஸ்டிக் மீனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? சுண்டுவிரல் அளவு, வாலோடு மூக்கோடு, சிவப்பு மூடி. 1954-இல் ஒசாகாவில் பிறந்தது. அதற்கு முன் இந்த வேலைக்குக் கண்ணாடியும் பீங்கானும் இருந்திருக்கின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2025 செப்டம்பரில் அதைத் தடை செய்துவிட்டார்கள், மறுசுழற்சிக்குச் சிக்காத பிளாஸ்டிக் என்பதால். நியாயம்தான். ஒரு துளி சாஸுக்கு ஒரு மீன் என்பது அதிகம். பச்சைப் பிளாஸ்டிக் புல்லும் அப்படித்தான். முன்பு அந்த இடத்தில் நிஜ இலையைத்தான் வெட்டி வைத்தார்கள். ஒன்றின் வாசனை இன்னொன்றில் ஏறாமல் இருக்கவும், சீக்கிரம் கெடாமல் இருக்கவும். அதன் ஞாபகார்த்தம்தான் இந்தப் பிளாஸ்டிக். நான் புல்லை விட்டுவிட்டு, கிடைக்கிறபோது கீரை இலையை வைக்கிறேன். அதையும் சேர்த்துத் தின்றுவிடலாம்.

வருடக்கணக்கில் கட்டியதில் நம் பண்டங்களில் எது டப்பாவுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. பூரி தோற்றுப்போகும், மதியத்துக்குள் தோல் மாதிரி ஆகிவிடும். குழம்பு வகை எதுவும் உதவாது. உருளைக்கிழங்கு பொரியல் அருமை, எந்தச் சந்திலும் நுழையும். எல்லாவற்றிலும் முதல் பரிசு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிக்கு. நாலாக வெட்டி அடுக்கினால் நகராது, கசியாது, நேரம் ஆக ஆக ருசி கூடும். ரயிலில் போகும்போது ஆச்சி வாழையிலையில் கட்டிக் கொண்டுவருவாளே, அதேதான். பாட்டியிடம் ஒரு துண்டு கொடுத்தேன். மென்றுகொண்டே இரண்டு நிமிடம் யோசித்து, "இதைச் செய்தவர் பென்டோ தெரிந்தவர்" என்றார். ஆச்சி திருநெல்வேலியைத் தாண்டி அதிகம் போனதில்லை.

அளவுக்கும் இங்கே ஒரு சூத்திரம் உண்டு. டப்பா 600 மில்லி பிடிக்கும் என்றால், காலி இடமில்லாமல் அடுக்கினால் ஏறக்குறைய 600 கலோரி. சோறு மூன்று பங்கு, மீன் அல்லது கறி அல்லது முட்டை ஒரு பங்கு, காய்கறி இரண்டு பங்கு. தராசு வேண்டாம், கண் போதும். என் எவர்சில்வர் டப்பாவில் பத்துப் பங்கு சோறு, கால் பங்கு ஊறுகாய்.

மகள் இப்போது மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் வருடம். பள்ளிச் சாப்பாடு முடிந்து டப்பா திரும்பி வந்துவிட்டது. பாதி நாள் அவளே கட்டிக்கொள்கிறாள். என் கை பட்டால் 'அப்பா, பிரவுன் ஜாஸ்தி' என்று புகார் வரும், பொரித்தது வறுத்தது எல்லாம் ஒரே நிறமாக இருக்கிறதாம். உமேபோஷியை மட்டும் இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவள் தின்றதில்லை. நான் வைப்பதை நிறுத்தியதும் இல்லை. தினமும் அது டப்பாவில் போய்விட்டு டப்பாவிலேயே வீடு திரும்பும். எடுத்து நான் வாயில் போட்டுக்கொள்வேன்.

போன ஏப்ரலில், ஏறக்குறைய ஒரு வாரம் நீளும் கோல்டன் வீக் விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய நாள், தோழிகளோடு வெளியே சாப்பிட்டுவிட்டு டப்பாவைப் பாதியில் மூடி வந்திருக்கிறாள். பையிலிருந்து எடுக்க மறந்துவிட்டாள். பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு பதினொரு மணிக்கு அடுக்களை வாசலில் வந்து நின்று, "அப்பா, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது" என்றாள். டப்பா அவள் கையில் இருந்தது. அதை முகத்திலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் பிடித்திருந்தாள்.

ஜன்னலைத் திறந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியை எடுத்தேன். தாமகோயாகி இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பூனைக்குட்டி ஒன்று சுருண்டு படுத்திருந்தது. ப்ரோக்கோலி கூழாகிவிட்டது. சோற்றின் மேல் பச்சையும் கறுப்புமாகப் பாய் விரித்தாற்போல் பூஞ்சணம். நடுவே உமேபோஷி மட்டும் நான் வைத்த அன்றைக்கு இருந்தது போலவே சிவப்பாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி ஒரு நாணய அகலத்துக்குச் சோறும் வெள்ளையாகவே இருந்தது.

இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாத்தீங்களாப்பா, நான் அதைத் தின்னாம விட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றாள்.